பாதிச் சாம்பல்

அத்தியாயம் 5

பானை நிறைந்துதான் இருந்தது. உள்ளே இருந்த மனிதர்தான் பாதியாகிவிட்டார்.

அது தெரியவருவதற்கு முன், அந்தச் சின்னப் பானை விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், ஒரு ஆட்டோவின் பின்கம்பியில் மஞ்சள் துணியால் வாய் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது வழக்கம். துப்பறியும் அலுவலகத்துக்கும் அது பொருந்துமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் பானையைக் கொண்டுவந்த ஆதிநாராயணன் மாடி ஏறாமல் ஆட்டோ பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"என் வண்டியில ஏறினதுலயே பேரம் பேசாத சவாரி இவருதான்," என்றான் ஆட்டோவுக்குச் சொந்தக்காரனும், துப்பறிவாளர் பானுமதியின் ஒரே உதவியாளனுமான கொளஞ்சிநாதன்.

"கொளஞ்சி!" என்று அதட்டினாள் கீழே இறங்கி வந்திருந்த பானுமதி.

"மரியாதையாத்தான் சொன்னேன் மேடம்."

ஆதிநாராயணன் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டக்குடிப் பக்கம் மங்களூரில் விவசாயம் பார்ப்பவர். கோபம் வரும் இடத்தையெல்லாம் துக்கம் அடைத்துக்கொண்டிருந்தது.

"என் தம்பி செந்தமிழன் இங்க செராமிக் கம்பெனியில வேலை பார்த்தான். மண்ணு, மருந்து எல்லாம் நிறுத்துக் கலக்கறவன். நெஞ்சு வலின்னு உக்காந்தவன் எந்திரிக்கலை. இங்கயே ஆத்தங்கரையில எரிச்சோம். நாங்க ஊருக்குத் திரும்பிட்டோம், மறுநாளு கம்பெனி ஆளு ஒருத்தரு அஸ்தியைப் பொறுக்கிப் பானையில போட்டு, சாயங்காலம் எங்க ஊருக்கே கொண்டாந்து குடுத்தாரு. வயல்ல மோட்டார் கொட்டகையில கட்டித் தொங்கவுட்டிருந்தேன். நேத்து முடிச்சு தளர்ந்துருந்துச்சேன்னு அவுத்தேன். உள்ள எலும்பு ஒண்ணுகூடக் கையில தட்டலை மேடம். மாவு. கோலமாவு மாதிரி நைஸா மாவு."

"யாரோ எடுத்துட்டு வேற ஏதோ போட்டுட்டாங்கன்னு நினைக்கிறீங்க."

"மந்திர வேலைக்கு எடுத்துருப்பாங்கன்னு ஊருல சொல்றாங்க. எனக்கு அது தெரியாது. ராத்திரி ராமேஸ்வரம் ரயிலு. தம்பியை முழுசா கடல்ல சேர்த்துட்டு வரேன்னு அம்மாக்கிட்ட சொல்லியிருக்கேன். இதை எடுத்துட்டுப் போயி எதைக் கரைக்கறது? எந் தம்பியையா, யாரோ வூட்டுக் கோலமாவையா?"

பானுமதி பானையின் வாயைத் திறந்து பார்த்தாள். வெள்ளையான, கட்டியில்லாத மாவு. அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் தப்பாகத் தெரியும். ஒரு பொருள் தன்னைப் பற்றி ஏதோ சொல்லக் காத்திருக்கும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சம் வந்தது.

"கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும். மேல இருந்து பத்து கிராம், அடியில இருந்து பத்து கிராம். கரைச்ச தண்ணியையும் பாட்டில்ல ஊத்தித் திருப்பிக் குடுத்துடுவேன். ஒரு சொட்டு கீழ போகாது. சம்மதமா?"

அவர் தலையசைத்தார்.

மாடியில் அலுவலகம் என்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சாமி படம் இருக்க வேண்டிய சுவரில் தனிம அட்டவணை. தனியார் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்த காலத்தில் வாங்கியது. வேலை போனது, கல்யாணம் போனது, அட்டவணை மட்டும் கூடவே வந்தது. மூலையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

மேசையில் நகைக்கடைத் தராசை வைத்தாள். அதன்மேல் குளியலறை கழுவும் ஆசிட் ஊற்றிய கண்ணாடிக் குடுவை. பத்து கிராம் மாவைப் போட்டாள். பொங்கிக்கொண்டு நுரை எழுந்தது.

"சோடா!" என்றான் கொளஞ்சி.

"சோடாவுல வர்ற அதே வாயுதான். கார்பன் டை ஆக்சைடு. சுட்ட எலும்பு இப்படிப் பொங்காது, லேசா நுரைக்கும், அவ்வளவுதான். இப்படிப் பொங்கறது சாக்குக்கல் மாவு, சுண்ணாம்புக்கல் ஜாதி. செராமிக் கம்பெனியில வைட்டிங்னு சொல்லுவாங்க, மூட்டை மூட்டையாக் கிடக்கும். இப்ப தராசைப் பாரு. நம்பர் குறையுது."

"என்னத்துக்குக் குறையுது? நாம எதையும் எடுக்கலையே?"

"வாயு போகுதே. காத்துக்கும் எடை உண்டு கொளஞ்சி. எவ்வளவு எடை போச்சோ, அதை வெச்சு உள்ள எவ்வளவு சாக்குமாவு இருந்துச்சுன்னு சொல்லிடலாம்."

"எப்படி? நீங்க என்ன உள்ள பூந்து எண்ணவா போறீங்க?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போலப் பானுமதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆணிக்கடையில ஆயிரம் ஆணி கேட்டா எண்ணியா குடுக்கறான்? நிறுத்துக் குடுக்கறான். ஒரு ஆணியோட எடை தெரிஞ்சா, மூட்டையோட எடையிலிருந்து எத்தனை ஆணின்னு சொல்லிடலாம். அணுவையும் எண்ண முடியாது, ரொம்பச் சின்னது. அதனால எண்ணறதுக்குப் பதிலா நிறுக்கறோம். அதுக்குன்னு ஒரு கட்டு வெச்சிருக்காங்க. ஆறு எழுதி, பக்கத்துல இருபத்து மூணு சுழியம் போட்டா எவ்வளவு வருமோ, ஏறக்குறைய அத்தனை. அந்தக் கட்டுக்குப் பேரு மோல்."

"பூக்காரம்மா முழம் போடற மாதிரி."

"முழம் கைக்குக் கை மாறும். மோல் மாறாது. ஒரு மோல் சாக்குமாவு நூறு கிராம். ஆசிட் பட்டா, அந்த ஒவ்வொரு துணுக்குல இருந்தும் ஒரே ஒரு வாயுத் துணுக்கு வெளிய வரும். ஒண்ணுக்கு ஒண்ணு. அப்ப ஒரு மோல் வாயு. அதோட எடை நாப்பத்து நாலு கிராம்."

"நூறுக்கு நாப்பத்து நாலு. பத்துக்கு நாலே கால், நாலரை..."

"நாலு புள்ளி நாலு. பானை முழுக்கச் சாக்குமாவா இருந்தா, தராசுல அவ்வளவு குறையணும்."

நுரை அடங்கியது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். குறைந்தது இரண்டு புள்ளி மூன்று.

அடியிலிருந்து எடுத்த மாவையும் வேறொரு குடுவையில் போட்டாள். மறுபடியும் இரண்டு புள்ளி மூன்று.

"பாதி," என்றாள் பானுமதி மெதுவாக. "பாதிக்கு ஒரு நூல் மேல. அந்த நூல் எலும்போட நுரை. திருடன் எல்லாத்தையும் எடுக்கலை. பாதியை எடுத்துட்டுப் பாதியை விட்டிருக்கான்."

"இது என்ன திருட்டு? மந்திரவாதின்னா ஒரு பிடி போதும். பகையாளின்னா பானையோட தூக்கியிருப்பான். சரிபாதி எடுக்கறது பாகம் பிரிக்கறவங்கதான். எங்க பெரியப்பா கிணத்தையே நடுவுல கயிறு கட்டிப் பிரிச்சவரு."

"சரியாச் சொன்னே. பங்கு உள்ள யாரோ."

"அண்ணனுக்குத் தெரியாத பொண்டாட்டியா?"

பானுமதி இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேலயும் கீழயும் ஒரே கணக்கு வந்துச்சே, அது உனக்கு ஆச்சரியமா இல்லையா? திருடறவன் அவசரத்துல மேலாக் கொட்டுவான். நல்லாக் கலக்கினாலும் கையால கலந்தா அங்கங்க திட்டு நிக்கும். இது அரவை டிரம்முல போட்டு அரைச்சு, வலையில ரெண்டு தடவை சலிச்சுக் கலந்த மாவு. ஏமாத்தறதுக்கு இவ்வளவு ஒழுங்கு தேவையே இல்லை. ஆனா செராமிக்காரன் கைக்கு ஒழுங்கில்லாமக் கலக்கத் தெரியாது."

கீழே வந்து ஆதிநாராயணனிடம் சொன்னாள். "உங்க கொட்டகையில திருட்டு நடக்கலைங்க. உங்க கைக்கு வந்தப்பவே உங்க தம்பி பாதிதான். பானை கொண்டாந்து குடுத்தவரு யாரு?"

"கம்பெனி ஆளு. மெலிசா, உசரமா இருந்தாரு."

"பேரு?"

ஆதிநாராயணன் நிலத்தைப் பார்த்தார். "கேக்கலை மேடம். தண்ணி குடிக்கிறீங்களான்னுகூடக் கேக்கலை."

*

செராமிக் எஸ்டேட்டில் அன்று பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். அரவைச் சத்தம் இல்லாத எஸ்டேட், ஆள் இல்லாத கல்யாண மண்டபம் போல இருந்தது. செந்தமிழன் வேலை பார்த்த கம்பெனி கடைசி வரிசையில் இருந்தது. மின்சார ஃபியூஸ் கட்டைகளும் அகல் விளக்குகளும் செய்யும் சின்ன இடம். ஆதிநாராயணன் பானையோடு ஆட்டோவில் இருந்தார். மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

ஒரே ஒரு ஆள் இருந்தார். மெலிந்து, உயரமாக, நாற்பதைத் தாண்டியவர். பேர் அன்பரசன். சூளை போடுபவர்.

"லீவு நாள்லயும் வேலையாண்ணே?" என்றான் கொளஞ்சி.

"ரூமுல இருந்தா சுவத்தைத்தான் பாக்கணும். இங்கயும் சுவருதான். ஆனா இது சூளை சுவரு, கொஞ்சம் பழக்கம்."

கொளஞ்சி மேசையைப் பார்த்தான். இரண்டு டீ இருந்தது. காலியான ஸ்டீல் டம்ளர் ஒன்று. பக்கத்தில் ஒரு வெள்ளை டம்ளர். அதில் டீ தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

"கூட யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லைங்க," என்றார் அன்பரசன்.

பானுமதி அங்கே பார்க்கவில்லை. சூளை வாசலுக்கு மேலே இருந்த மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கைப்பிடிப் பிள்ளையார். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை சூளை ஏற்றும்போதும், அன்று வேகப்போகும் அதே மண்ணில் கொஞ்சம் எடுத்துப் பிள்ளையார் பிடிப்பார்கள். அவர்தான் சூளைக்குள் முதலில் போவார், கடைசியில் வருவார். அடுத்த சூளை வரைக்கும் மாடத்தில் உட்கார்ந்திருப்பார். ஃபியூஸ் கட்டை வெந்தால் கட்டையின் நிறத்தில் பிள்ளையார், விளக்கு வெந்தால் விளக்கின் நிறத்தில் பிள்ளையார்.

இவர் இரண்டு நிறத்திலும் இல்லை. பால் வெள்ளை. அவசரமாகவோ, பழக்கமில்லாமலோ பிடித்ததில் துதிக்கை ஒரு பக்கம் கோணியிருந்தது.

"கொளஞ்சி, உன் போன்ல டார்ச் போடு."

முதலில் ஒரு ஃபியூஸ் கட்டையின் பின்னால் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னாள். கட்டை இருட்டாகவே இருந்தது. பிறகு பிள்ளையாரின் காதுக்குப் பின்னால் பிடித்தான். காது, காலை வெயிலில் குழந்தையின் காதைப் போல, உள்ளிருந்து ஒளிர்ந்தது.

"இப்படி வெளிச்சம் ஊடுருவணும்னா மண்ணுல பாதி எலும்புச் சாம்பல் கலக்கணும்," என்றாள் பானுமதி. "எலும்புல கால்சியமும் பாஸ்பரஸும் இருக்கு. அது உருகி, களிமண்ணுத் துகளுக்கு நடுவுல கண்ணாடி மாதிரி நிறையும். இந்தக் கம்பெனியில அந்தச் சாமானே செய்யறதில்லை. இந்தப் பிள்ளையாரைப் பிடிச்சது யாருங்க?"

அன்பரசன் பொய் சொல்ல முயற்சிக்கவில்லை.

"எப்பவும் அவந்தான் பிடிப்பான். அன்னைக்கு நான் பிடிச்சேன். எனக்கு வரலை."

"பிள்ளையாரைப் பிடிக்காம விட்டிருந்தா உங்களைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாதே அண்ணே," என்றான் கொளஞ்சி. அவன் குரலில் கிண்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"பிள்ளையார் இல்லாம எப்படிங்க சூளை போடறது?" அன்பரசன் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

வாசலில் நிழல் விழுந்தது. காத்திருக்க முடியாமல் ஆதிநாராயணன் பானையோடு வந்து நின்றிருந்தார். அன்பரசனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதான கொண்டாந்து குடுத்தீங்க. ஏங்க இப்படிச் செஞ்சீங்க? எந் தம்பி உங்களுக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலை சார்." அன்பரசன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "பதினெட்டு வருஷம் ஒரே ரூமு. ஒரே குக்கரு. அவன் மண்ணு கலப்பான், நான் வேக வெப்பேன். நாங்க பேசிக்கறதுகூடக் கம்மிதான். சாயங்காலம் ரெண்டு டீ போடுவேன், அவ்வளவுதான். அவன் போன அன்னைக்கு நீங்கள்லாம் வரிசையா நின்னீங்க. வந்தவங்க ஒவ்வொருத்தரு கையையும் தொட்டுத் துக்கம் கேட்டாங்க. நான் வரிசைக்குப் பின்னாடி நின்னேன். என்னை யாரும் கேக்கலை. தப்புன்னு சொல்லலை சார். கேக்கறதுக்கு நான் என்ன உறவு? கூட வேலை செஞ்சவன்."

அன்பரசன் ஆதிநாராயணன் கையிலிருந்த பானையைப் பார்த்தார்.

"மறுநாளு அஸ்தி பொறுக்கறப்ப, ஒரு துண்டு வெச்சுக்கலாமான்னு பார்த்தேன். எந்த எலும்பு எனக்கு, எந்த எலும்பு உங்களுக்குன்னு பிரிக்கறதுக்குக் கை வரலை. அரைச்சுட்டா எல்லாம் ஒண்ணுதான? தலை, கால்னு பேதம் இல்லாம பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. பானை எடை குறைஞ்சா தெரிஞ்சுடும்னு வைட்டிங் போட்டேன். அதுதான் தப்பு. அதுக்கு நீங்க என்ன செஞ்சாலும் சரி."

மேசையிலிருந்த வெள்ளை டம்ளரை எடுத்தார். ஆறிப்போன டீயை ஜன்னலோரச் செடியடியில் ஊற்றினார். துண்டால் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில், பிடித்திருந்த விரல்களின் நிழல் டம்ளருக்குள் தெரிந்தது.

"இதுவும் அந்தப் பிள்ளையாரும்தான். வேற எதுவும் எடுத்து வெச்சுக்கலை. எடுத்துக்குங்க. முழுசா போகட்டும்."

ஆதிநாராயணன் டம்ளரைப் பார்த்தார். பிறகு பானுமதியைப் பார்த்தார். "சூளையில வெச்சு எரிச்சிருக்காங்களே மேடம். இதுல எந் தம்பி இன்னும் இருக்கானா?"

ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் பானுமதிக்குக் கிடையாது. அதனால் நிதானமாகச் சொன்னாள்.

"சூளையில ஆவியாப் போனது களிமண்ணுல இருந்த தண்ணிங்க. எலும்புச் சாம்பல் போகாது. அதுல இருந்த கால்சியம் அணு, பாஸ்பரஸ் அணு எல்லாம் இந்த டம்ளர்லயும் பிள்ளையார்லயும் அப்படியே இருக்கு. பக்கத்துல யாரு இருக்காங்கங்கறதுதான் மாறியிருக்கு." கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். "நான் கரைச்சது இதுல இருக்கு. நுரையாப் போனதுல முக்காலே மூணு வீசம் சாக்குமாவு."

"அப்ப பொடி, கட்டி, தண்ணி," என்று முணுமுணுத்தான் கொளஞ்சி. "எல்லாம் சேர்ந்தா மனுஷன் முழுசு."

ஆதிநாராயணன் பாட்டிலை வாங்கிப் பையில் வைத்தார். டம்ளரை வாங்கவில்லை. பானையைக் கொளஞ்சியிடம் கொடுத்தார். அன்பரசன் கையிலிருந்த டம்ளரை மேசைமேல் வைக்கச் சொல்லி ஜாடை காட்டினார்.

அன்பரசன் வைத்தார்.

ஆதிநாராயணன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். சாவு வீட்டு வாசலில், வந்தவர்கள் துக்கம் கேட்க நீட்டுகிற மாதிரி. அன்பரசனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு அவர் தன் கைகளை அந்தக் கைகளின் மேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"எந் தம்பி கடைசியில எப்படி இருந்தான்?" என்றார் ஆதிநாராயணன். "ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

"இல்லண்ணே. டீ போடவான்னு கேட்டேன். போடுன்னான். அவ்வளவுதாண்ணே."

பானுமதி வெளியே வந்துவிட்டாள். கொளஞ்சியும் பானையோடு பின்னால் வந்தான். கரண்ட் வந்திருக்க வேண்டும், தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் அரவை டிரம் உருளத் தொடங்கியது.

சற்றுக் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். அன்பரசன் கையில் ஒரு துணிப்பை.

"அம்மாக்கிட்ட முழுசான்னு சொல்லிட்டேன்," என்றார் ஆதிநாராயணன் பானுமதியிடம். "அதனால இவரும் வராரு. பானையை நான் கரைச்சுடறேன், பாட்டிலையும் ஊத்திடறேன். டம்ளரை இவரு கடல்ல ஒரு முழுக்குப் போட்டு எடுத்துட்டு வந்துடட்டும். அங்கயும் டீ கிடைக்குமில்ல?"

"பிள்ளையாரு?" என்று கேட்டான் கொளஞ்சி.

"பையில இருக்காரு," என்றார் அன்பரசன். "அவரைக் கடல்லயே விட்டுடறேன். கோணலா இருந்தாலும் அவரு தண்ணிக்குத்தான் போகணும்."

"அப்ப அடுத்த சூளைக்கு?"

அன்பரசன் வாசல் வழியே வெறும் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். "வந்து பிடிக்கறேன். பிடிச்சுப் பிடிச்சுத்தான் வரும்."

ஜங்ஷனில் இருவரையும் இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. யார் பையை யார் தூக்குவது என்று அவர்கள் தள்ளுமுள்ளு செய்துகொண்டே படியேறினார்கள். காலியான ஆட்டோவின் பின்கம்பியில் மஞ்சள் நூல் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"வூட்ல விடட்டுமா மேடம்?"

"ஆபீஸ்ல விடு. குடுவை கழுவணும்."

கொளஞ்சி வண்டியைக் கிளப்பாமல் இருந்தான். எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தான். பிறகு எதுவும் கேட்காமல் இறங்கிப் போனான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் இரண்டு டீ இருந்தது.